முந்நூற்று நாற்பது மீட்டர்

லியேபாயாவில் நவம்பர்.
நாலு மணிக்கே வெளிச்சம் கடையைச் சாத்திவிட்டது.
மீன்வளத் துறை ஒப்பந்தம் முடிந்து
பல்கலைக்கழகக் கடவுச்சொல்லும் செத்தபிறகு
ஸைகாவிடம் மிச்சமிருப்பது
ஒரு மடிக்கணினி, ஒரு கேள்வி,
காசு கேட்காத ஒரு வரைபடம்.

ஒரு கட்டுரையின் பெயரைக் கொடுத்தால் போதும்.
வெள்ளைத் திரையில் வட்டங்கள் முளைக்கும்
குட்டையில் தவளை முட்டைபோல,
ஒன்றையொன்று நூலால் கட்டிக்கொண்டு.
மேற்கோள் கூடக்கூட வட்டம் பருக்கும்.
புதியது கரும்பச்சை, பழையது வெளிறல்.
யார் யாரை வாசித்தார்கள்,
யார் யாரை வாசித்ததாகச் சொன்னார்கள்,
நூலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி இது:
மழையிரவில் ஈரப்புல்மேல் ஊர்ந்து
விலாங்கு எவ்வளவு தூரம் போகும்?

முந்நூற்று நாற்பது மீட்டர் என்கிறது பெரிய வட்டம்.
ஆமாம் ஆமாம் என்கின்றன
சுற்றியிருக்கும் அறுபத்தொரு வட்டங்கள்.
மதகு கட்டப்போகிறவர்களின் அறிக்கையிலும் அதே எண்:
மீன்பாதை தேவையில்லை,
ஏரி முந்நூறு மீட்டரில்தான் இருக்கிறது,
அவை ஊர்ந்தே போய்க்கொள்ளும்.

ஸைகா பின்னோக்கிச் சொடுக்குகிறாள்.
2009. 1997. 1983.
நாற்பது யூரோ என்று பூட்டு தொங்குமிடத்தில்
எழுதியவருக்கே கடிதம் போடுகிறாள்.
போர்ச்சுகலிலிருந்து ஒருவர் அன்றிரவே அனுப்பினார்,
கைதவறி, தன் மின்கட்டண ரசீதையும் சேர்த்து.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்குக்கு
இந்த எண் ஒன்றும் சளைத்ததில்லை.
ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார்,
இன்னொருவர் அதற்கும் முந்தையவரை.

ஒன்றரை மணி.
திரையின் ஓரத்தில் கடுகளவு வட்டம்,
ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டு.
1936. கொம்பு முளைத்த பழைய ஜெர்மன் எழுத்து.
யாரோ ஒரு நூலகர் பக்கம் பக்கமாகப் படமெடுத்திருக்கிறார்;
இருநூற்றுப் பன்னிரண்டில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கிறது,
அதற்குக் கீழே அடிக்குறிப்பு:
முந்நூற்று நாற்பது தப்படி இருக்கலாம்
என்றார் படகுக்காரர் யூகும்ஸ்.
நான் பார்க்கவில்லை.

தப்படி மீட்டரானது 1958இல்.
'இருக்கலாம்' காணாமல் போனது 1983இல்.
'நான் பார்க்கவில்லை' என்பதை
யாருமே ஏற்றிக்கொள்ளவில்லை.
யூகும்ஸுக்கு வட்டமே இல்லை.
அவர் கால் நீளமா, குட்டையா?
அன்று குடித்திருந்தாரா?
எந்த வரைபடமும் சொல்லாது.

திட்ட அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள்,
நூல் நூலாக, ஆண்டுவாரியாக.
வெள்ளிக்கிழமை பதில் வந்தது, ஒரே வரி:
சரியான எண் என்ன? மேற்கோளுடன் தரவும்.

அவள் சிரித்த சிரிப்பில்
மேல்வீட்டு இல்மார்ஸ் தரையைத் தட்டினார்.

வெளியே மழை பிடித்திருக்கிறது, நல்ல மழை.
ரப்பர் பூட்ஸ். டார்ச். அளவுநாடா.
கால்வாய்க் கரையில் குனிந்து
புல்லை விலக்கி நிற்கிறாள்.
கறுப்பாக ஏதோ நெளிகிறது,
அல்லது வெறும் தண்ணீர்.

நாடாவின் நுனியை மண்ணில் குத்துகிறாள்.
பூஜ்ஜியம்.