மூன்றே கால் சென்ட்

திருவட்டாறு தாலுகா ஆபீசிலிருந்து வந்த சர்வேயர்,
அஜிலா என்று பேர்,
ரப்பர் மூட்டுக்கு நடுவே மூன்று காலில்
ஒரு கருவியை நிறுத்தி வானத்தைக் கேட்டாள்.
அட்டை கடித்தது கூடத் தெரியாமல் நின்றாள்.
பிறகு சொன்னாள்:
"கல்லு மாறல்ல, சார்.
உங்க அண்ணன் எழுதிக் குடுத்த இடத்திலதான் கெடக்கு."

மரத்தடியில் சாட்டிலைட் எடுக்காது என்று
மருமகன் சொன்னதாகச் சொன்னேன்.
அவன் அப்படிச் சொன்னதில்லை.
இன்னொரு முறை அளந்தாள்.
அதே மூன்றே கால் சென்ட்.

யாருக்க மவ, எந்த ஊர் என்று விசாரித்தேன்.
அண்ணனின் சம்பந்தி வீட்டுக்கு நாலு வீடு தள்ளியாம்.
அப்பாடா.
எனக்கு அது போதும்.

தாளை நீட்டினாள், ஒப்பு போடச் சொல்லி.

பிள்ளே,
ஞானாபரணம் கல்லைப் பிடுங்கி நட்டான்
என்பதன் மேல்தான்
இருபத்தொரு வருஷமாக நான் குடியிருக்கிறேன்.
குழித்துறைக் கோர்ட்டில் எத்தனை வாய்தா.
வக்கீல் பீஸாகப் போன ரோஸ்லெட்டின் செயின்.
ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு ஓரம் இருந்து
ஒரே பாத்திரத்திலிருந்து அப்பம் வாங்கின ஞாயிறுகள்.
அவன் மகள் கல்யாணத்தன்று
லைட்டை அணைத்துவிட்டு நாங்கள் தின்ற பழங்கஞ்சி.

அப்புறம் அந்த ஆடி மாசம்.
அவன் பெட்டி இந்த வழியாகத்தான் போனது.
மழை நாளில் யாரும் பால் வெட்டுவதில்லை.
நான் குத்தவைத்து
கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
நல்ல கூர்மை வந்த பிறகும் தீட்டினேன்.

கல் மாறியிருந்தால்
அது மானமுள்ள ஒருவன் செய்த காரியம்.
மாறவில்லை என்றால்
அதற்கு என்ன பேர்?
அதை நீ எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

ஒப்பு போடவில்லை.
கண்ணாடி இல்லை என்றேன்.
சட்டைப் பையில் இருந்தது.

அவள் ஸ்கூட்டி இறக்கம் இறங்கிய பிறகு
கல்லைக் காலால் உந்திப் பார்த்தேன்.
அசையவில்லை.
அப்பன் நட்ட அயனியின் வேர்
அதைச் சுற்றி வளைத்து,
என் தொடை கனத்தில்,
பாதிக் கல்லை விழுங்கியிருந்தது.

ராத்திரி மகன் கேட்டான், அளந்தது என்னாச்சு என்று.

நம்ம பக்கம் மழை கூடுதல்,
வேர் சட்டென்று தடித்துவிடும் என்றேன்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.