கோட்டு மாட்டும் இடம்

வின்னிபெக். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
லுத்தரன் கோயிலின் நிலவறை
ஞாயிறு இரண்டு முதல் ஐந்து வரை எங்களுக்கு வாடகை.
எனக்குக் கிடைத்த ஊழியம் வாசல்:
கைகுலுக்குவது, பாட்டுப்புத்தகம் நீட்டுவது,
கோட்டுகளை வாங்கி மாட்டுவது.

பதினோரு வருஷத்தில் ஒன்று கண்டுகொண்டேன்.
முதல் தடவை வருகிறவர்கள்
கோட்டைக் கழற்றுவதில்லை.
"குளிருது" என்பார்கள்.
உள்ளே ஹீட்டர்
சட்டை நனைய எரிந்துகொண்டிருக்கும்.
கடைசி வரிசை, கதவோர நாற்காலி,
கழுத்து வரை ஜிப்,
கைக்குள்ளே கார்ச்சாவி.
ஆசீர்வாதம் முடிந்து நாம் ஆமென் சொல்லும்போது
நாற்காலியில் சூடு மட்டும் மிச்சமிருக்கும்.

அப்படித்தான் மெற்றில்டாவும் வந்தாள்.
"புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்"
என்றார் போதகர், வழக்கம்போல.
அவள் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதைச் சுற்றிப் பனி உருகி
சின்னதாய் ஒரு குளம்.
நூற்றிருபது தலைகள் திரும்பின.
கைதட்டினோம் வேறு.

கமிட்டியில் பேசினோம்.
வரவேற்புப் பை: பேனா, காலண்டர்,
பிரிட்ஜில் ஒட்ட வசனக் காந்தம்.
மூன்றாம் நாள் போன். பத்தாம் நாள் வீட்டு ஜெபம்.
கட்டம் போட்ட தாளில் பெயர், எதிரே டிக்.
"எழுப்பி நிறுத்த வேண்டாமே" என்றேன்.
"அப்போ யார் புதுசுன்னு எப்படித் தெரியும்?"
என்றார் பொருளாளர் கோயில்பிள்ளை.
கோட்டைப் பார்த்தால் தெரியும் என்றேன்.
சிரித்துவிட்டு
பெயின்ட் செலவுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
ஏழாம் நாள்,
"வேலையில நிக்கிறன், அண்ணை."
பின்னால் ஏதோ ஒரு கதவு
பெருமூச்சு விட்டுத் திறந்தது.
ஒரு டிக் போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு
கடைசிப் பாட்டின்போது
காரைச் சூடேற்ற வெளியே போனேன்.
சாவியைத் திருப்பினால் ஒரு கொக்கரிப்பு,
அப்புறம் அதுவும் இல்லை.
ஆமெனுக்கு முன்னால் கிளம்பியவள்
நின்றாள்.
"பட்டரி செத்துப்போச்சு. பொனட்டைத் திறவுங்கோ."
அவள் டிக்கியில் கேபிள், மண்மூட்டை, பனி அள்ளும் சவள்.
"நாப்பதடி பஸ் ஓட்டுறன். இதென்ன."

சிவப்பு எதில், கறுப்பு எதில் என்று
எனக்குச் சொல்லித் தந்தாள்.
சார்ஜ் ஏற ஏழு நிமிஷம்.
அந்த ஏழு நிமிஷத்தில்
காலை நாலரை ஷிப்ட் வந்தது,
டிசம்பரில் அடக்கம் பண்ணிய புருஷன் வந்தான்.
"மண் இன்னும் கல்லாக் கிடக்கு.
மே மாசம்தான் பெயர்க்கல் வைப்பினமாம்."
எங்கள் அட்டையில்
ஜெபக்குறிப்பு என்று ஒரு கோடு உண்டு.
விரல் நீளம்.

என் வண்டி இருமி எழுந்தது.
"இங்க யார் காராவது எப்பவும் நின்னுபோகுது" என்றேன்.
"வெளியில ஒரு ஆள் வேணும்.
நீங்க பாத்துக்குவீங்களா?"
பதில் சொல்லாமல் கேபிளைச் சுருட்டினாள்.

அடுத்த ஞாயிறு
பத்து நிமிஷம் முன்னதாக வந்து நின்றாள்,
தோளில் அதே கேபிள்.
கார்களை ஒரு சுற்று பார்த்து வந்து
ஜிப்பை இறக்கினாள்.
"இதை எங்க கொழுவுறது?"
என் கோட்டை
அடுத்த கொக்கிக்குத் தள்ளினேன்.

கொக்கிகளுக்கு மேல் தட்டில்
ஒற்றைக் கையுறை ஒன்று கிடக்கிறது.
நவம்பரில் ஒரே ஒருமுறை வந்த பையனுடையது.
பெயர் கேட்டேன். காதில் சரியாக விழவில்லை.
திரும்பக் கேட்க வெட்கமாயிருந்தது.
தாளில் அவன் இல்லை.
கோயில்பிள்ளை இரண்டு தடவை
குப்பையில் போடப் பார்த்தார்.
ஒவ்வொரு ஞாயிறும்
வாசலில் நிற்கிறவர் கண்ணில் படும்படி
அதைத் திருப்பி வைக்கிறேன்.