ம்

கிளமெண்டி பலகையைப் பார்த்தேன்.
அதுவரைக்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது.

பக்கத்தில் அய்யாக்கண்ணு.
நான் கண்ணயராமல் பேசிக்கொண்டே வருவது
இன்றைக்கு அவன் முறை.
மச்சானிடம் எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு
தலைமறைவான ஒருத்தனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
போனை எடுப்பதில்லை, வீடு பூட்டியே கிடக்கிறது.
பின்னால் பன்னிரண்டு பேர்.
கண்ணாடியில் பன்னிரண்டு தலைகளும்
எதையோ ஒப்புக்கொள்வதுபோல்
ஒன்றாக ஆடின.

கண்ணுக்குக் கீழே கோடாலித் தைலம்.
பிளாஸ்டிக் பையில் தொங்கும் கோப்பி ஓ
பாதியில் ஆறிவிட்டது.
பகலெல்லாம் கம்பி கட்டிய கை
ஸ்டியரிங்கையும் கம்பி என்றே பிடித்திருக்கிறது.

பிறகு
டக் டக் டக் டக்

கோட்டின் மேல் பதித்த பூனைக்கண்கள்
சக்கரத்துக்கு அடியில் என்னை எண்ணின.
திருப்பினேன்.
ஒரு டாக்சி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போனது.
பின்னால் யாரும் விழிக்கவில்லை.

கனவு இல்லை. இருட்டுகூட இல்லை.
இமைப்பொழுது என்று இதைச் சொல்ல முடியாது.
தூக்கம் என்றாலோ
படுத்து உறங்குகிறவர்கள் சிரிப்பார்கள்.
மூன்று விநாடி இருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் அய்யாக்கண்ணுவின் கதையில்
தலைமறைவானவன் இப்போது
கல்யாண மண்டபத்து வாசலில் நின்று
எல்லோர்மீதும் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறான்.

மூன்று விநாடியில் ஒரு கடன்காரன்
அவ்வளவு தூரம் வர மாட்டான்.

எப்படி வந்தான் என்று கேட்டேன்.
"அதத்தானே சொன்னேன், நீயும் ம் கொட்டினியே."

கொட்டினேனாம்.
சரியான இடத்தில், இரண்டு தரம்.

அப்படியென்றால்
பதினான்கு உயிரை ஓட்டிவந்தவன்
அந்த ம் கொட்டியவன்.
அவனுக்கு லைசென்ஸ் கிடையாது.
காலை ஏழே முக்காலுக்கு வரிசையில் நிறுத்தி
நன்றாகத் தூங்கினீர்களா என்று
பாதுகாப்பு அதிகாரி கேட்கும்போது
என்னை முந்திக்கொண்டு தலையாட்டிக்
கையெழுத்துப் போடுகிறவனும்
அவனாகத்தான் இருக்க வேண்டும்.

துவாஸ். விடுதி வாசல்.
பின்பலகையை இறக்கிவிட்டு எண்ணினேன், பன்னிரண்டு.
மறுபடி எண்ணினேன்.

அய்யாக்கண்ணு இருக்கைக்கு அடியில்
சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.
அந்த ஆள் எப்படி வந்தான்னு
இன்னொரு தரம் சொல்லேன் என்றேன்.

"காசு இன்னும் வரல. அது போதும் உனக்கு."

மூடி கிடைத்ததும்
இறங்கிப் போய்விட்டான்.