ஏழு விழுக்காடு

ஜெலுத்தோங்கில் மழை விடாத இரவு.
பதினொன்றேகாலுக்குக் கடைக் கணினி
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது.
முகம் மட்டும் எழவில்லை.
கறுப்புத் திரை,
இடது மூலையில் ஒரு சிறுகோடு,
அணைந்து, எரிந்து, அணைந்து.

முதலாளி லினக்ஸ் போட்டது கொள்கைக்காக அல்ல,
உரிமக் காசு மிச்சமாகும் என்று.
அவர் ஈப்போவில், மச்சான் வீட்டுக் கல்யாணத்தில்.
போன் அடித்து ஓய்கிறது.
மேசையில் அவர் கையெழுத்தில் துண்டுச்சீட்டு:
துரைக்கண்ணு, வயது எழுபத்தொன்று.
காலை பத்துக்கு பத்து லஞ்சாங்.
ஆறடிக்கு நாலடி பேனர்.
ஏழு மணிக்குள்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
உள்ளே உயிர் இருந்தது.
பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது.
பதிவுகளைப் புரட்டினேன், வெள்ளை எழுத்து ஓடி ஓடி
ஒரு வரியில் நின்றது:
கர்னல் புதிது,
டிரைவர் பழையதன் அளவுக்குத் தைத்தது.
திரும்பத் தைக்கலாமென்றால்
ஹெடர் கோப்பு பாதி வழியில் நிற்கிறது.
மழை வந்தால் எங்கள் வைஃபை அப்படித்தான்.

பூட் வரியின் கடைசியில் நோமோட்செட் ஒட்டி
எழுப்பிப் பார்த்தேன்.
வந்தது, நாலுக்கு மூன்று என்ற பழைய கணக்கில்,
அகலத் திரைக்கு இழுத்துப் பிடித்து.
ஐகான்கள் எல்லாம் பாவ் மாதிரி உப்பி.
பேனர் மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.
படம் மட்டும் திறந்தது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்,
மகள், மங்களேஸ்வரி,
ஹெல்மெட்டோடு, நனைந்து.
பிறந்த வருஷம் தப்பாகக் கொடுத்துவிட்டார்களாம்.
சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரையைப் பார்த்தாள்.
"இப்படித்தான்க்கா இருந்தாங்க அப்பா.
டயாலிசிஸுக்கு முன்னாடி."

அது அவரில்லை, என்றேன்.
விகிதம் தப்பு. டிரைவர் இல்லை,
அதனால் எல்லாமே குண்டாகத் தெரிகிறது.
தலையை ஆட்டினாள்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

பழையதை வேரோடு அழித்து
ஹெடரைப் போன் இணைப்பில் இறக்கி
அறுபத்திரண்டு விழுக்காட்டில் நின்று
மறுபடி முதலிலிருந்து.
கட்டி முடித்தால் செக்யூர் பூட் மறுக்கிறது,
கையெழுத்து தெரியாத ஆளாம்.
சாவி ஒன்று செய்து, கடவுச்சொல் வைத்து,
மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும்;
பத்து நொடிக்குள் ஏதாவது விசையைத் தொட வேண்டும்.
நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.
போயிற்று.
இரண்டாம் தடவை கையை விசைப்பலகையிலேயே வைத்திருந்தேன்,
பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல.

நாலு இருபதுக்குத் திரை முழுதாக வந்தது.
மயிரிழை கூடத் தெரியும் துல்லியம்.
படத்தைத் திறந்தேன்.
ஒட்டிய கன்னம்.
இரண்டு விரல் நுழையும் காலர்.
"சரியாயிடுச்சு," என்றேன்.
"ம்."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான்.

"முன்ன இருந்த மாதிரி வைக்க முடியுமாக்கா?"

அந்த மனிதரின் அகலத்தை
இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கத்தான்
ஐந்து மணி நேரம்.
அகலத்தையும் உயரத்தையும் பூட்டியிருந்த
சின்னச் சங்கிலியைக் கழற்றினேன்.
முப்பத்துமூன்று: கண் கெட்டது.
இருபது: யாரோ தாசில்தார்.
பத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
ஏழில்,
"அங்க. அங்கயே நிறுத்துங்க."

காலரும் சேர்ந்துதான் அகன்றது.
அதை நானும் சொல்லவில்லை.

வருஷத்தைத் திருத்தினேன்.
அச்சு இயந்திரம் போய் வந்து போய் வந்து
முதலில் முடியை இறக்கியது.
அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
நெற்றி வரும்வரை உட்கார்ந்திருந்தாள்,
கன்னம் வரும்போது எழுந்துகொண்டாள்.

மானிட்டர் ஓரத்தில் முதலாளிக்கு ஒரு சீட்டு ஒட்டினேன்:
கர்னலை இந்த எண்ணிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.
என்னைக் கேட்காமல்
எதையும் புதுப்பிக்காதீர்கள்.