அழுக்கானதும் வா

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பது.
கூப்பிடு தூரத்தில் கடலே கிடையாது.
உப்பை வாளியில் வாங்கிக் கரைத்த கடலுக்கு
ஆள் எடுக்க வந்திருக்கிறான் ஒரெஸ்ட்:
இருபது நத்தை, பத்துச் சங்கு நண்டு.

புட்டியில் அவன் கொண்டுவந்த நீரில்
சொட்டு விட்டு, நிறம் பார்த்து,
"எத்தனை நாளாச்சு?" என்கிறாள் டெல்ஃபின்.
"இருபத்திரண்டு."
"கண்ணாடியில பாசி?"
"ஒரு பொட்டு இல்லை."
"அப்ப பட்டினியில சாகும். அழுக்கானதும் வா."

பள்ளிக்கூடத்தில் பதினாறு கழிப்பறை
கழுவுகிறவன்.
இப்படி ஒரு சொல்லை
அவனிடம் யாரும் சொன்னதில்லை.

தினமும் டார்ச் அடித்துப் பார்த்தான்.
ஒன்பதாம் இரவு
மணலில் துருப்போல் ஒரு படலம்.
கை தானாகத் துணியைத் தேடியது.
பின்னால் கட்டிக்கொண்டான்.

ஐந்தே நத்தை.
நண்டு வேண்டாம்.
வீடு பிடித்துவிட்டால்
குடியிருப்பவனைத் தின்றுவிடுமாம்.

இப்போது கண்ணாடியெங்கும்
மேய்ந்த கோணல் தடங்கள்.
அதில் ஒன்று அடிக்கடி மல்லாந்துவிடும்,
தானாய்ப் புரளத் தெரியாது.
வேலை முடிந்து வந்தவன்
பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சட்டைக்கையைச் சுருட்டி,
தோள்வரை இறக்குகிறான்
வெதுவெதுப்பான உப்புக்குள்.