பூசியதும் பூசாததும்

என் பெயர் ஒரு வருடத்தில்
பதினொரு கட்டிடங்களில் வேலை செய்கிறது.
நான் மூன்றில்தான்.

மற்ற எட்டுக்கும் பதிவிலக்கம் மட்டும் போகும்,
நூற்றுக்கு நாலு வீதம்.
கடிதத் தலைப்பு, றப்பர் முத்திரை,
வலப்பக்கம் சாய்ந்த ஒரு கையெழுத்து.
காசு எடுப்பவன் ஒருவன்,
சுரண்டுபவன் இன்னொருவன்,
கொந்தராத்துக்காரன் நான்.

ஆரையம்பதிப் பாலர் பாடசாலையும்
அப்படிப் போனதுதான்.
இருபத்துநாலு யன்னல், ஆறு கதவு,
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே
எந்தக் காலத்தில் யார் அடித்ததென்று
தெரியாத ஒரு வெள்ளை.
பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்று
ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் உண்டு:
நனைத்துச் சுரண்டு.
பொலித்தீன் விரி.
பிள்ளைகளை உள்ளே விடாதே.
துடை, திரும்பத் துடை.
அந்தப் பக்கத்தின் அடியிலும்
என் சாய்ந்த கையெழுத்து.

ஈயம் பூசினது போலவும் இருக்க வேணும்
பூசாதது போலவும் இருக்க வேணும் என்று
சிரித்துக்கொண்டேதான் வைத்தேன்.
எதிரே இருந்தவரும் சிரித்தார்.

கச்சான் காற்றுத் தொடங்கி இரண்டாம் கிழமை
வேலை முடிந்ததென்று எழுதிக் கொடுக்கப் போனேன்.
மிசினைப் போட்டு டிலக்சன்
கடைசி யன்னலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.
வாயைச் சுற்றி ஒரு லேஞ்சி,
இமை மயிரெல்லாம் மா.
"தண்ணி வாளி எங்க?"
"ஈரம் பட்டாக் காயச் சுணங்கும் சேர்."
பொலித்தீன் கிடந்தது,
சீமெந்துப் பைகளை மூடிக்கொண்டு.
சீமெந்துக்குப் பனி ஆகாதாம்.
அவன் சட்டையைப் பார்த்தேன்.
இதோடுதான் வீட்டுக்குப் போவான்,
இதோடுதான் மகனைத் தூக்குவான்.

பள்ளிக்கு விடுமுறை. ஆனாலும்
கதிரை எண்ண வந்த ரீச்சரோடு
அவர் மகளும் வந்திருந்தாள்,
லதுர்ஷிகா, நாலு வயது.
யன்னல் தட்டில் படிந்த தூளில்
விரலால் 'ல' எழுதினாள்.
சுழி கோணிப்போனது.
விரலை நாக்கில் தொட்டு
ஈரத்தால் அழித்தாள்.
மறுபடி எழுதினாள்,
மறுபடி நாக்கு.

அந்தக் கட்டிடம் முழுவதிலும்
நனைத்து வேலை செய்தவள்
அவள் ஒருத்திதான்.

"இனிக்குது" என்றாள் என்னைப் பார்த்து,
உங்களுக்கும் வேணுமா என்பது போல.

காய்ச்சி ஊற்றினால்தான்
ஈயம் காதைச் சுடும் என்றிருந்தேன்.

மிசினை நிப்பாட்டச் சொன்னேன்.
கிணற்றடியில் அவள் கையையும் வாயையும்
மூன்று தரம் கழுவினேன்.
கொப்பளிக்கச் சொன்னால்
விழுங்கிவிட்டுச் சிரிக்கிறாள்.
ரீச்சரிடம் சொன்னேன்,
"ஆஸ்பத்திரியில ஒருக்கா
இரத்தம் பாக்கக் கேளுங்க."
எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.
சொல்லச் சொல்ல அவர்
எண்ணிய கதிரைகளின் கணக்கை மறந்தார்.

டிலக்சன் வாளியும் துணியுமாக வந்தான்.
"இருபத்துநாலு யன்னலும் திரும்பவா?
இதுக்கு பில்லில காசு கிடக்கா சேர்?"
பில்லில் இல்லை.
நாலு வீதத்தில் இருந்தது,
அதில் பாதி ஏற்கெனவே
மோட்டார்சைக்கிள் தவணைக்குப் போய்விட்டது.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.
பிரதேச சபை. கையெழுத்துக் கேட்டுத்தான்.
அடிக்கட்டும்.

"ஆரிட கொந்தராத்து இது?"
ரீச்சர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார்.
அவருக்கு என்னைத் தெரியாது.
எட்டுக் கட்டிடத்தில் எவருக்கும் தெரியாது.

வாசலில் பலகை இருந்தது.
தூள் அப்பி
வேலுப்பிள்ளை வரைக்கும்தான் தெரிந்தது.
ஈரத் துணியால் துடைத்தேன்.
நேசதுரை வந்தது.
பதிவிலக்கம் இன்னும் மங்கலாக இருந்தது.
திரும்பத் துடைத்தேன்.