கறுப்புக்கு மேல் மஞ்சள்

எட்டு நிமிடம் ஹேர் டிரையரைப் பிடித்தால்
பசை இளகும் என்றார் ஒர்லாந்தோ பியூ.
இருபது நிமிடம் பிடித்தேன்.
திரெலேவின் ஆகஸ்டுக் காற்று
சூட்டை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

பிறகு பல்லிடுக்கு நூல்.
இரண்டு சுட்டுவிரலிலும் சுற்றி
ரப்பர் பட்டைக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து
அறுக்க வேண்டும். இழுக்கக் கூடாது.
இழுத்தேன்.
பட்டையோடு கொஞ்சம் வெள்ளையும் உரிந்து வந்தது.
அடியில் கறுப்பு.

சரி, கறுப்பு.
டாக்டர்களுக்குக் கறுப்பு பிடிக்கும்.
விற்றவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்:
எழுபத்தொன்றாம் வருடத்து பெஜோ, ஒரே கை,
பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும்.
நம்பினேன்.
வாங்க ஆசை வந்த பிறகு
நம்புவதற்கு என்ன செலவு.

மதியம் கூரை ஓரம்.
மழைத்தண்ணீர் வழியும் கால்வாய்மேல்
கவ்வியிருக்கும் குரோம் தகட்டை
மர ஸ்பூன் காம்பால் நெம்பினேன்.
க்ளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன,
ஒன்று ஒர்லாந்தோவின் மாத்தே குவளைக்குள்.
தகட்டுக்கு அடியில்
வெயிலே படாமல், நேற்று அடித்ததுபோல்
மஞ்சள்.

கறுப்பு கீழே. மஞ்சள் மேலே.
ஒர்லாந்தோ சிரித்துவிட்டு
தலைநகரத்து டாக்சியம்மா இது என்றார்,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அப்போதுதான் எல்லாம் உறைத்தது.
பின்சீட்டு வலப்பக்கம் மட்டும் ஏன் குழிந்திருக்கிறது.
டாக்டர் பின்னால் உட்கார்ந்தா ஓட்டினார்?
மீட்டரில் அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்.
எத்தனையாவது சுற்றின் அறுபத்தோராயிரமோ.
ஒரு பல் டாக்டரை
பல் நூல் போட்டே பிடுங்கியாயிற்று.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.

ராசனில் எவரிஸ்தோவின் உடைசல் கிடங்கில்
இன்னொரு 404 குப்புறக் கிடந்தது.
அதன் தகடுகளைப் பேரம் பேசி வாங்கினேன்.
கேட்டது பன்னிரண்டு க்ளிப்,
எண்ணிப் போட்டது பதினொன்று.
கதவுத் துளைகள் ஒரு விரற்கடை தள்ளி இருந்தன.
ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு,
ஆனாலும் திங்கட்கிழமை துளைத்தவன் வேறு போலிருக்கிறது.
வட்ட அரத்தால் அகட்டினேன்.
துருவைச் சுரண்டி பிரைமர் தடவினேன்.

மஞ்சள்மேல் மட்டும் தடவவில்லை.
வெள்ளையும் அடிக்கவில்லை.
அப்படியே வைத்து
மேலே புதுத் தகட்டை அழுத்தினேன்,
டக், டக், டக் என்று கடைசி முனைவரை.
விற்றவன் பூசி மெழுகியதை
இப்போது நானும் மூடிவைத்திருக்கிறேன்,
என்ன, எனக்குத் தெரியும்.

க்ளிப் இல்லாத அந்த முனை
மூன்றாம் நெடுஞ்சாலையில், மத்ரின் போகும் வழியில்,
வண்டி எண்பதைத் தொட்டதும்
விசில் அடிக்கிறது.
பன்னிரண்டாவது க்ளிப்பை வாங்கித் தொலையேன் என்கிறான் தார்தோ,
பின்சீட்டில், வலப்பக்கம், சாய்ந்தபடி.

எங்கே போகணும் சார் என்கிறேன்.